அவன் கண்ணைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: இரண்டு வருடமாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறேன். 62 அத்தியாயம் ஆகிவிட்டது. நாயகன் செங்கோடன், உப்பளக் கூலியின் மகன். அவன் கூடவே மருதி என்று ஒருத்தி வருகிறாள். அவள் தொட்டால் எந்தக் காயமும் ஆறிவிடும். செங்கோடனுக்கு நான் கொடுக்காத கஷ்டம் இல்லை. அம்பு, பாதாளச் சிறை, சவுக்கடி, தங்கை சாவு, ஒரு கண் போய்த் திரும்பி வந்தது. இதையெல்லாம் எழுதும்போதுதான் எனக்கு உற்சாகமே வருகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. சவுக்கடி அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் கணவர், "இதைச் சிரிச்சிக்கிட்டேவா எழுதுன?" என்று கேட்டார். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். எனக்குள் ஏதாவது கோளாறா? இன்னொன்று, முன்பு "அழுதுட்டேன் அக்கா" என்று எழுதிய வாசகர்கள் இப்போது "போதும், விடுங்க அவனை" என்று எரிந்து விழுகிறார்கள். அடுத்து அவனைப் பாலைவனத்துக்கு அனுப்பிப் பட்டினி போடலாம் என்றிருக்கிறேன். கடைசியில் கொன்றுவிட்டு, இரண்டாம் பாகத்தை மருதியை வைத்து எழுதலாம் என்றும் ஓர் எண்ணம். செய்யலாமா?
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. கடிதத்தில் நீங்கள் அதிகம் பயந்திருப்பது அதற்குத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிக்கல் வாசகர்கள் பக்கம் இருக்கிறது. அதற்குக் காரணமும் செங்கோடன் படும் பாடு இல்லை, மருதிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கதாபாத்திரத்தைப் படுத்துவதில் ஒரு குஷி இருப்பது இந்தத் தொழிலோடு வருவது. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் சிறுகதைக்கு எட்டு விதிகள் சொன்னார். அதில் ஒன்று, குரூரமாக இரு என்பது. உன் நாயகன் எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும் அவனுக்குக் கொடுமை நடக்கவேண்டும், அப்போதுதான் அவன் எப்படிப்பட்டவன் என்று வாசகனுக்குத் தெரியும் என்றார். அவர் ஒன்றும் துன்பம் தெரியாமல் பேசிய ஆள் இல்லை. இரண்டாம் உலகப்போரில் போர்க்கைதியாக டிரெஸ்டனில் இருந்து, 1945-இல் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது உயிர் தப்பியவர்.

எல்லோரும் உங்களைப்போல் சிரித்துக்கொண்டே எழுதுவதில்லை என்பதும் உண்மைதான். தன் நாவலின் நாயகி எம்மா பொவாரி விஷம் குடிக்கும் காட்சியை எழுதியபோது தன் வாயிலேயே ஆர்செனிக் சுவை தெரிந்தது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிட்டது என்று பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். உங்களைப்போல் மாயாஜாலக் கதை எழுதும் அமெரிக்கர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 2000-இல் வெளியான நாவலில் ஒரு திருமணப் படுகொலை வருமே, அதை எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டு, மற்ற எல்லா அத்தியாயங்களையும் முடித்த பிறகுதான் எழுதினார். ஒருவர் வாந்தி எடுக்கிறார், ஒருவர் தள்ளிப்போடுகிறார், நீங்கள் பாலைப் பொங்கவிடுகிறீர்கள். பலி எண்ணிக்கையில் மார்ட்டினை நீங்கள் நெருங்கவே முடியாது, அந்தக் கவலை வேண்டாம்.

பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிளகாய்க் காரம், சோகப் பாட்டு, பேய்ப்படம் இதெல்லாம் மனிதனுக்கு ஏன் பிடிக்கிறது என்பது கேள்வி. உடம்பு ஆபத்து என்று பதறுகிறது, மனத்துக்கு ஆபத்து ஏதும் இல்லை என்று தெரிகிறது, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்பம் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்தது சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறவர்களையும்தான். ஆனால் அதைச் சமைத்துப் போடுகிற உங்களுக்கு அந்த இன்பம் இல்லாமலா போகும்?

நான் கதைகளைச் செம்மைப்படுத்துகிறவன், மருத்துவன் இல்லை. எழுதி முடித்த பிறகும் அந்தக் காட்சி விடாமல் துரத்துகிறது, தூக்கம் போகிறது, உங்களுக்கே நடந்த ஏதோ ஒன்றை அது கிளறிவிடுகிறது என்றால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கணவரிடம், சவுக்கால் அடிப்பவன் சாயல் யாருடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, மருதி. நீங்கள் அனுப்பிய 62 அத்தியாயத்தையும் படித்தேன், 31 முதல் 34 வரை எடுத்துக்கொள்கிறேன். 31-இல் சிறைக்காவலன் செங்கோடனின் இடது கண்ணைப் பிடுங்குகிறான். அதற்கு முன் தன் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி இடுப்பு முடிச்சில் செருகிக்கொள்கிறான். அந்த ஒரு வரியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கண்ணைப் பிடுங்கும் வரிகளைவிட அதுதான் பயங்கரம். 33-இல் மருதி வருகிறாள், உள்ளங்கையை வைக்கிறாள், ஊதா ஒளி, கண் வந்துவிடுகிறது. 34-இல் அவன் மலை உச்சியில் நின்று வில்லை வளைத்துக் குறிவைக்கிறான். எந்தக் கண்ணைச் சுருக்கிக் குறிவைக்கிறான் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, இரண்டும் நல்ல கண்கள்தானே!

வாசகர் இதை மறக்கமாட்டார். செங்கோடனின் எந்தக் காயத்துக்கும் ஆயுள் இரண்டு அத்தியாயம் என்று அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. அடுத்த முறை நீங்கள் அடிக்கும்போது, மருதி எங்கே, எப்போது வருவாள் என்று காத்திருக்கிறார். அதனால் நீங்கள் இன்னும் பலமாக அடிக்க வேண்டியிருக்கிறது. சவுக்குக்கு அப்புறம் கண், கண்ணுக்கு அப்புறம் தங்கை, தங்கைக்கு அப்புறம் பாலைவனம். நம் இதிகாசத்தில் சஞ்சீவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்காக அனுமன் ஒரு மலையையே பெயர்த்துக்கொண்டு வரவேண்டியிருந்தது, மருந்து இடுப்பு மடிப்பில் இல்லை. ஆறாமல் விட்ட காயத்துக்கும் உதாரணம் இருக்கிறது. அசுவத்தாமனின் தலையில் இருந்த மணியைப் பறித்துக்கொண்டு, 3000 ஆண்டு சீழும் ரத்தமுமாக, பேச ஆளின்றி அலையச் சாபம் கொடுத்தார்களே, அவனை இன்றைக்கும் யாரோ காட்டில் பார்த்ததாகக் கதை சொல்கிறார்கள். குணமாகியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வாசகர்கள் ஏன் அழாமல் எரிந்து விழுகிறார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தில் பதில் இருக்கிறது. மெய்ப்பாட்டியலில், அழுகை எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறார்: "இளிவே இழவே அசைவே வறுமை". பிறர் இகழ எளியவனாவது, உற்றாரையும் உரியதையும் இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, இல்லாமை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, வேறு நான்கு: "உறுப்பறை குடிகோள் அலை கொலை". உறுப்பை அறுப்பது, குடும்பத்தை நாசம் செய்வது, அடித்து வைது அலைக்கழிப்பது, கொல்வது. இப்போது உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கண் பிடுங்குவது உறுப்பறை. சவுக்கடி அலை. தங்கை சாவு கொலை. நீங்கள் விதைத்ததெல்லாம் வெகுளிக்கான விதை. அறுவடையும் அதுதான் வந்திருக்கிறது. உங்கள் வாசகர்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

தங்கையின் சாவு இழவு இல்லையா என்று கேட்கலாம். ஆகியிருக்க வேண்டியது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு 62 அத்தியாயத்தில் சொந்தமாக ஒரு பக்கம்கூட இல்லை. அண்ணனை வழியனுப்புகிறாள், பிறகு சாகிறாள், அண்ணன் கர்ஜிக்கிறான். நாயகனைக் கிளப்பிவிடுவதற்காகவே பெண்களைக் கொல்லும் இந்தப் பழக்கத்தை அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் கெயில் சிமோன் 1999-இல் ஒரு பெரிய பட்டியலே போட்டுக் கிண்டல் செய்தார். அவளுக்கு என்ன பிடிக்கும், யாரிடம் சண்டை போடுவாள், உப்பளத்தில் கூலி வாங்கும் நாளில் என்ன வாங்கித் தின்பாள் என்று முன்னால் எங்காவது மூன்று பக்கம் எழுதிச் சேருங்கள். செத்த பிறகு எழுதும் முப்பது பக்கத்தைவிட அது அதிகம் வேலை செய்யும்.

படுத்துவது என்றால் எப்படி என்று கற்க அரிச்சந்திரனிடம் போங்கள். வட மாவட்டங்களில் கருமாதி இரவுகளில் மயான காண்டம் கூத்து இன்றும் நடக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்காரர்களே உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாட்டை விட்டவன், மனைவியை விற்றவன், தன்னையும் விற்றுச் சுடுகாட்டுக் காவலுக்கு நிற்கிறான். பாம்பு தீண்டிச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். வாய்க்கரிசி, முழத்துண்டு, கால் பணம் கொடுக்காமல் எரிக்கக்கூடாது என்கிறான். அவளிடம் எதுவும் இல்லை. அப்போது அவன் சொல்வதைக் கவனியுங்கள். வாய்க்கரிசி என் கூலி, அதை நான் விட்டுக்கொடுக்கிறேன். துண்டும் பணமும் என் ஆண்டைக்குச் சேரவேண்டியது, அதை விட எனக்கு உரிமை இல்லை. அவள் தன் மனைவி, கிடப்பது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவன் மாறவில்லை.

அவன் மேல் யாரும் சவுக்கால் அடிக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் இதைவிடக் கொடுமையான காட்சியை நான் படித்ததில்லை. காரணம், அடி விழுந்த இடம். அவனிடம் மிச்சம் இருந்தது நேர்மை ஒன்றுதான். அந்த நேர்மையையே கருவியாக வைத்து அவன் கையாலேயே அவன் குடும்பத்தை வதைக்க வைத்தார்கள். இதைக் கற்பனை செய்தவர் உங்களைப்போலவே அடுப்பை மறந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செங்கோடனிடம் அப்படிப் பறிக்க முடியாதது எது? உங்கள் 62 அத்தியாயத்தைப் பற்றி இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதில், அவன் யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவன் என்பது. ஐந்து இடத்தில் அதைக் காட்டியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். அப்படியென்றால் அவனைப் பாரமாக்குங்கள்.

அதற்குத்தான் கண்ணைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். 33-ஆம் அத்தியாயத்தை மாற்றி எழுதுங்கள். உங்கள் செயலி அனுமதிக்கும் என்றே நினைக்கிறேன். மருதி கை வைக்கட்டும், ரத்தம் நிற்கட்டும், புண் மூடட்டும், கண் வரவேண்டாம். திறந்ததை மூட அவளால் முடியும், போனதைக் கொண்டுவர முடியாது என்று ஒரு விதி வையுங்கள். அப்புறம் என்ன நடக்கும்? ஒரு கண் போனவர்களுக்கு ஆரம்பத்தில் கிட்டத்தில் உள்ளவற்றின் தூரம் பிடிபடாது. படியில் கால் தவறும், டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே போகும். மாதக்கணக்கில் பழகவேண்டும். செங்கோடன் மருதிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், தண்ணீர் குவளைக்கு வெளியே மண்ணில் விழுகிறது. அவள் எதுவும் பேசாமல் குவளையை ஒரு விரற்கடை நகர்த்தித் தண்ணீர் விழும் இடத்தில் பிடிக்கிறாள். அவ்வளவு போதும். வில்லாளிக்கு இதைவிட இளிவு வேண்டாம். பார்த்துக்கொள்ளுங்கள், "அழுதுட்டேன் அக்கா" திரும்ப வரும்.

இன்னொன்றும் கைவசம் வைத்திருக்கிறீர்கள். அவன் அப்பா உப்பளக் கூலி. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலால் கண் கெட்டுப்போவதை உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மகன் ஒற்றைக் கண்ணோடு அந்த வீட்டுக்குத் திரும்பும் நாளை நீங்கள் எழுதவே இல்லை. போர்க்களத்திலிருந்து நேராக அடுத்த போர்க்களத்துக்குப் போய்விடுகிறீர்கள். அப்பாவுக்கு அவன் முகம் சரியாகத் தெரியாவிட்டால் அது வரமா, சாபமா? இதை நான் எழுதிக் கொடுக்கமாட்டேன், உங்கள் கதை.

அந்த அம்பையும் சும்மா விட்டுவிட்டீர்கள். 1403-இல் இங்கிலாந்தில் நடந்த ஷ்ரூஸ்பரி போரில், பின்னாளில் ஐந்தாம் ஹென்றி மன்னனான 16 வயது இளவரசன் முகத்தில் அம்பு பாய்ந்தது. தண்டு வந்துவிட்டது, முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில் எலும்பில் நின்றுவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் அதை எடுக்கத் தனியாகத் திருகுக் கருவி ஒன்றைச் செய்தார். அதற்கு முன் தேனில் நனைத்த துணி சுற்றிய குச்சிகளை ஒன்றைவிட ஒன்று பெரிதாக உள்ளே செலுத்திக் காயத்தை அகலமாக்கினார். முனையை எடுத்து, ஒயினால் கழுவி, பிறகு சுமார் 20 நாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்து ஆறவிட்டார். இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. காயத்தை அவசரப்பட்டு மூடக்கூடாது. முனை உள்ளே இருக்கும்போதே மருதி கை வைத்து மூடிவிட்டால்? அவள் அன்பாகச் செய்ததே அவனுக்குள் சீழ் பிடித்தால்? இனி அவள் கையைத் தட்டிவிட வேண்டியவன் செங்கோடன். இதற்கு ஒரு வில்லனும் தேவையில்லை.

பாலைவனத்துக்கு வருகிறேன். பாலைவனத்தில் பட்டினியால் சாவதற்கு முன் தாகத்தால் செத்துவிடுவான். தண்ணீர் இல்லாமல் மனிதன் சில நாள்தான் தாங்குவான். பட்டினிதான் வேண்டுமென்றால் கிணறு உள்ள இடத்தைப் பாருங்கள். முற்றுகையிட்ட கோட்டை என்றால் பொருந்தும். வெடித்த உதடு, கானல் நீர், கழுகு வட்டமிடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். போரில் கொல்ல மனசாட்சி இடம் தராது என்று சொன்னவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி, உடல் எடையில் கால் பங்கு போனது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சமையல் புத்தகம் படித்தார்கள். குறிப்புகள் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கோடையில் குளிர்கிறது என்றார்கள். அடுத்தவன் மேல் எரிச்சல். ஊருக்காக உடம்பைக் கொடுத்த நல்ல மனிதர்கள்தான், பசி அவர்களை அற்பமாக்கியது.

உங்கள் கோட்டையில் செங்கோடன் மருதி எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்று எண்ணட்டும். எண்ணுவது அவளுக்குத் தெரியட்டும். யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவன் அடுத்தவள் வாயைப் பார்க்கிறவனாகிறான். இதற்கு மேல் ஒரு அடியும் அவனை அடிக்க வேண்டியதில்லை. இதை எழுதும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அநேகமாக இந்த முறை சிரிப்போடு வேறு ஏதாவதும் வரும்.

அடி விழாத அத்தியாயங்களும் வேண்டும். நடுவில் மூன்று அத்தியாயம் யாரும் அவனைத் தொடக்கூடாது. பயப்படாதீர்கள், வாசகர் ஓடிவிடமாட்டார். போனதைப் பற்றி அவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும், உங்களுக்கும் அடுத்தது தானாகத் தெரியும்.

கடைசியாக, கொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொல்லலாம். கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்து அருவியில் தள்ளினார். வாசகர்கள் கொதித்தார்கள், பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள், 1903-இல் அவரை உயிரோடு கொண்டுவர வேண்டி வந்தது. உடலை யாரும் பார்த்ததாக எழுதாததால் கொண்டுவர முடிந்தது. உங்களுக்கு அப்படி மனம் மாறும் வாய்ப்பு இருந்தால் உடலைக் காட்டாதீர்கள். ஆனால் இரண்டாம் பாகம் மருதியுடையது என்கிறீர்கள். அவள் கையில் உயிர் இருந்தும் அவன் சாகிறான் என்றால் ஏன் என்று வாசகர் கேட்பார், நான் சொன்ன விதி அதற்கும் உதவும். அதைவிட முக்கியமாக, மருதிக்குக் காயம் பட்டால் யார் தொடுவார்கள் என்று 62 அத்தியாயத்தில் எங்கேயும் இல்லை. அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதை முதல் பாகத்திலேயே எழுதிவிடுங்கள். செங்கோடனைக் கொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.